கால் மிதித்தால் கார் நிற்க வேண்டும்

உங்கள் இல்லத்து வாசலில் ஒரு பழைய கார் நின்றுகொண்டிருக்குமானால் இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது. அத்தா வாங்கிய அம்பாசடர், வளைகுடாவிலிருந்து திரும்பிய மாமா வாங்கிய மாருதி 800, உறவினர் ஒருவர் விற்க மனமின்றி நம்மிடம் விட்டுச் சென்ற பிரீமியர் பத்மினி என்று ஏதேனும் ஒன்று பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நின்றுவிட்டது. மாருதி 800-உம் அதே ஆண்டில் விடைபெற்றது. பத்மினி அவற்றுக்கும் முன்னரே போய்விட்டது. ஆயினும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாப்பிள்ளையை நிக்காஹ் மேடைக்கு ஏற்றிச் சென்றதும், பேறுகாலத்தில் நள்ளிரவில் மருத்துவமனைக்கு விரைந்ததும் அந்த வண்டியில்தான் என்னும்போது, அதனை விற்க எப்படி மனம் வரும்?

விற்றுவிடுங்கள் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் பழைய கார் வைத்திருப்போர் அதற்காகப் பணம் செலவிடும் முறையைப் பல்லாண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பெருநாள் வருகிறதென்றால் பெயின்ட் அடிப்போம், இருக்கைகளுக்குப் புதிய உறை தைப்போம், விளக்குகளைப் பளபளப்பாக்குவோம். எஞ்சினில் சிறு சத்தம் கேட்டாலும் பட்டறைக்கு ஓடுவோம். பிரேக்கை மட்டும், "மிதித்தால் நிற்கிறதல்லவா, அது போதும்" என்று விட்டுவிடுவோம். நானும் அப்படி விட்டவன்தான். அதன் விளைவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து இறங்கிய மாலை

2019-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். எங்கள் அத்தாவின் 1984-ஆம் ஆண்டு அம்பாசடரில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சென்றிருந்தோம். நான் வண்டி ஓட்ட, அருகில் அத்தா. பின்னால் என் மனைவி, தங்கை, மூன்று பிள்ளைகள். புறப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் ஒரு பட்டறையில் பிரேக் வேலை பார்த்திருந்தேன். "முன் சக்கரம் இரண்டுக்கும் புது லைனிங் போட்டாயிற்று. பின்னால் உள்ளது இன்னும் ஓடும். பிரேக் ஆயில் குறைந்திருந்தது, ஊற்றிவிட்டேன்" என்றார்கள். செலவு குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

அச்சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளதைச் சென்றவர்கள் அறிவார்கள். ஏறும்போது குறையொன்றும் தெரியவில்லை. மாலையில் இறங்கும்போது, பாதி வளைவுகளைக் கடந்த நிலையில், ஏதோ தீய்ந்த வாடை வந்தது. முன்னால் செல்லும் லாரியின் வாடை என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சுமூட்டையை மிதித்ததுபோல் உள்ளே போயிற்று. மீண்டும் மிதித்தேன், தரைவரை சென்றது. வண்டி வேகம் குறையவில்லை.

அத்தா சத்தம் போடவில்லை. "இரண்டாவது கியருக்கு வா, ஹேண்ட் பிரேக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்கள். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக் அரைகுறையாகப் பிடித்தது. மலைச்சரிவுப் பக்கத்து மழைநீர் வாய்க்காலில் இடது சக்கரங்களை இறக்கி, சுவரை உரசிக்கொண்டு வண்டியை நிறுத்தினேன். அல்லாஹ்வின் அருளால் எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. என் சின்ன மகள் மட்டும் அன்றிரவு உறங்கவில்லை. அதற்குப் பின் மூன்று மாதங்கள் அவள் அந்தக் காரில் ஏற மறுத்தாள்.

வியப்புக்குரியது இனிமேல்தான். சாலையோரத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் நின்ற பின் பெடலை மிதித்துப் பார்த்தேன். பழையபடி இறுக்கமாக நின்றது! எதுவுமே நடவாததுபோல் இருந்தது. "சரியாகிவிட்டது, போகலாம்" என்று அங்கு நின்ற ஒருவர் சொன்னார். அத்தா மறுத்துவிட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பேருந்தில் அனுப்பிவிட்டு, வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தோம்.

சேலத்தில் நாற்பதாண்டுகளாக அம்பாசடர் வேலையே பார்த்துவந்த ஒரு பெரியவரிடம் வண்டி போயிற்று. நான்கு சக்கரங்களையும் கழற்றி, டிரம்களைத் திறந்து, என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார். இடது பின் சக்கரத்தின் வீல் சிலிண்டர் கசிந்து, ஷூ முழுவதும் பிரேக் ஆயிலில் ஊறிக் கிடந்தது. வலது பின் சக்கரத்தின் லைனிங் தேய்ந்து, டிரம்மைத் தொடாமலேயே நின்றது. ஆகவே பின்சக்கரங்கள் இரண்டும் வேலை செய்யவே இல்லை. ஏழு பேரைச் சுமந்த வண்டியை மலையிலிருந்து இறக்கும் பாரம் முழுவதும் முன்சக்கரங்களின் மேல் விழுந்திருக்கிறது. அவை அளவு மீறிச் சூடேறின. அங்கிருந்த பிரேக் ஆயில் எத்தனை ஆண்டுப் பழையதோ, கடுங்காப்பியின் நிறத்தில் இருந்தது. அது கொதித்துவிட்டது.

"முன்னால மட்டும் புதுசு போட்டீங்களே தம்பி, அதனாலதான் ஏமாந்தீங்க. ஊருக்குள்ள ஓட்டுறப்போ நல்லா நின்னிருக்கும்" என்றார் அவர். உண்மைதான். அரைவேலை பார்த்ததனால் பிரேக் நன்றாக இருப்பதுபோன்ற ஒரு பொய்யான நம்பிக்கை எனக்கு உண்டாகியிருந்தது. வேலையே பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அச்சத்தோடு மெதுவாக இறங்கியிருப்பேன்.

வேகம் எங்கே போகிறது?

பிரேக் என்பது வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றும் ஒரு கருவி. இதனைப் புரிந்துகொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரத்தை பிரேக் மட்டுமே தாங்குமானால், அதில் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கந்தூரி வீட்டில் பிரியாணி தேக்சாவில் அவ்வளவு தண்ணீர் கொதிப்பதற்கு எத்தனை விறகு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவு சூடும் நான்கு இரும்பு டிரம்களுக்குள் இறங்குகிறது. இரண்டு மட்டுமே வேலை செய்தால் அந்த இரண்டுக்குள் இறங்குகிறது. ஆகவேதான் மலையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். பாரத்தில் பெரும்பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ளும்.

சமதரையிலும் கணக்கு இதுவே. வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இடத்தில் நின்ற வண்டி, 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு நான்கு மடங்கு தூரம் எடுத்துக்கொள்ளும். நான்குவழிச் சாலைகள் வந்த பின் நம் பழைய வண்டிகள் அவற்றை வடிவமைத்த காலத்தில் எவரும் எண்ணாத வேகத்தில் ஓடுகின்றன. பிரேக் மட்டும் அன்றைய பிரேக்காகவே இருக்கிறது.

டிரம் பிரேக்கை 1902-ஆம் ஆண்டில் பிரான்சின் லூயி ரெனோ செம்மைப்படுத்தினார். சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டத்துக்குள் பிறைவடிவ ஷூக்கள் இரண்டு விரிந்து உராய்கின்றன. அவற்றை விரிப்பது வீல் சிலிண்டர். அதற்கு அழுத்தத்தைக் கொண்டுவருவது குழாயிலுள்ள பிரேக் ஆயில். அந்த அழுத்தத்தை உண்டாக்குவது நம் காலடியில் இயங்கும் மாஸ்டர் சிலிண்டர். மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிளேய்ஸ் பாஸ்கல் கண்டறிந்த விதியே இதற்கு அடிப்படை. நான்கு சக்கரங்களுக்கும் இம்முறையைப் பயன்படுத்திய முதல் கார் 1921-இல் வெளிவந்த அமெரிக்க டூசன்பர்க்.

அம்பாசடரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள் உண்டு. மாருதி 800-இல் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறும். அம்பாசடரிலும் பிற்கால மாடல்கள் சிலவற்றுக்கு முன்னால் டிஸ்க் வந்தது. நம்மிடம் உள்ள பழையவை பெரும்பாலும் நான்கும் டிரம்தான். மிகப் பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வழிதான். எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். பிற்கால வண்டிகளில் இரண்டு தனித்தனி வழிகள் அமைத்தார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று பாதியேனும் பிடிக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"ஆயில்" என்னும் பெயர் செய்த தீமை

நாம் அதனை பிரேக் ஆயில் என்று அழைக்கிறோம். உண்மையில் அது எண்ணெய் இனத்தைச் சேர்ந்ததன்று. கிளைக்கால் வகை இரசாயனத் திரவம். பெயரை நம்பி, அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். எஞ்சின் ஆயில் பட்ட மாத்திரத்தில் சிலிண்டர்களுக்குள் உள்ள ரப்பர் கப்கள் ஊதிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு கலந்தாலும் மாஸ்டர் சிலிண்டர் முதல் நான்கு சக்கரங்கள்வரை அத்தனை ரப்பரையும் மாற்றியாக வேண்டும். உங்கள் பிள்ளையோ தம்பியோ வண்டியைக் கொண்டுபோகிறவராயின் இதனை இன்றே அவரிடம் சொல்லிவையுங்கள்.

இத்திரவத்துக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 3 வகை திரவம் 205 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அதே திரவம் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் 230, 155. கொதித்தால் ஆவி உண்டாகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாது; ஆவியைச் சுருக்கலாம். ஆகவே நம் கால் அழுத்தம் முழுவதும் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே வீணாகி, பெடல் தரைக்குப் போய்விடுகிறது. ஆறிய பின் ஆவி மீண்டும் திரவமாகிறது, பெடல் இறுகுகிறது. ஏற்காட்டுச் சாலையோரத்தில் நான் கண்ட "அற்புதம்" அதுதான். அந்த மனிதரின் பேச்சைக் கேட்டு மீண்டும் இறங்கியிருந்தால் அடுத்த மூன்று வளைவுகளுக்குள் அதே நிலை வந்திருக்கும்.

சூட்டினால் பிரேக் போவதில் இன்னொரு வகையும் உண்டு. பெடல் கல்லைப்போல் இறுக்கமாக இருக்கும். ஆனால் வண்டி நிற்காது. அது லைனிங் தீய்ந்து பிடிப்பை இழந்ததனால் வருவது. பெடல் மென்மையாகிப் போவது திரவத்தின் கோளாறு. இறுக்கமாக இருந்தும் நிற்காதது லைனிங்கின் கோளாறு. பட்டறையில் இதனைத் தெளிவாகச் சொன்னீர்களென்றால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டிக் கையேட்டில் எந்த வகை குறிக்கப்பட்டிருக்கிறதோ அதுவே ஊற்றப்பட வேண்டும். சிலிக்கோனால் ஆன டாட் 5 வகையை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பாதி ஊற்றிவிட்டுப் பல மாதங்கள் திறந்துவைத்த டப்பாவிலிருந்து எவரேனும் ஊற்ற வந்தால் தடுத்துவிடுங்கள். சிறு டப்பா ஒன்றைப் புதிதாக வாங்கிக் கொடுங்கள். இத்திரவம் பெயின்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

வீட்டிலிருப்போரே செய்யத்தக்க சோதனை

இதற்கு மெக்கானிக் தேவையில்லை. வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. வண்டியை நிறுத்திவைத்து, பெடலை ஓரளவு அழுத்தி, ஒரு நிமிடம் காலை எடுக்காமல் வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் எதுவும் தெரியவில்லையானால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் கப் தேய்ந்து திரவம் பின்னால் நழுவுகிறது என்று பொருள். முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வருகிறதென்றால் ஷூக்கள் டிரம்மிலிருந்து விலகியிருக்கின்றன. அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கிறது.

சக்கரங்களின் உட்புறத்தைப் பாருங்கள். டயரின் உள்பக்கச் சுவரில் ஈரக்கறை வடிந்திருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். டிஸ்க் உள்ள வண்டியில் பேட் தேயத் தேய அளவு சற்றே குறைவது இயல்பு. டிரம் மட்டுமே உள்ள வண்டியில் விரைவாகக் குறைந்தால் அது கசிவுதான். என் வண்டியில் குறைந்தபோது எவரும் ஏன் என்று கேட்கவில்லை, நான் உள்பட.

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியானால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு அழுத்தியவாறே எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்றுத் தானாகவே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் பழுது. இதே காரணத்தால்தான் பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி இறக்கத்தில் எஞ்சினை அணைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. எஞ்சின் நின்றால் ஓரிரு மிதிகளுக்குள் பூஸ்டரின் துணை தீர்ந்துவிடும். அப்புறம் நம் காலின் பலம் மட்டுமே மிஞ்சும்.

நேராகச் செல்லும்போது பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? ஒரு சக்கரத்தில் எண்ணெய்ப் பசை பட்டிருக்கலாம்; அல்லது ஒரு சிலிண்டர் இறுகியிருக்கலாம். ஓட்டி நிறுத்திய பின் ஒரு சக்கரம் மட்டும் தணலாய்ச் சுடுகிறதா? அங்கு ஷூ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பல நேரங்களில் இதற்குக் காரணம் ரப்பர் ஹோஸ் பைப். வெளியே நன்றாகத் தோன்றும். உள்ளே ஊதி அடைத்திருக்கும். காலால் அழுத்தும்போது திரவம் போய்விடும். காலை எடுத்தால் திரும்பி வராது. சிலிண்டர், ஷூ என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கடைசியில் சொற்ப விலையுள்ள இந்த ஹோஸைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

பட்டறையில் கேட்க வேண்டியவை

வேலை என்று தொடங்கினால் முழுவதுமாகப் பாருங்கள். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களுக்கும் ஷூ அல்லது பேட் ஒன்றாகவே மாற்றப்பட வேண்டும். முன்னால் மாற்றும்போது பின்னாலும் டிரம்மைத் திறந்து பார்த்தாக வேண்டும். மாற்றுவது வேறு, பார்ப்பது வேறு. பார்ப்பதற்குப் பெரிதாகச் செலவில்லை.

ஆயிலில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டி மீண்டும் மாட்டும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊறியது ஊறியதுதான், சூடேறும்போது மீண்டும் கசியும். ரிவெட் அடித்த லைனிங்கானால் ரிவெட் தலை வெளியே தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. அது டிரம்மையே கீறிவிடும்.

டிரம்மின் உள்விளிம்பில் வரம்பு விழுந்திருந்தாலோ வட்டம் கெட்டு ஓவலாகியிருந்தாலோ லேத்தில் கொடுத்துக் கடைந்து சமப்படுத்துவார்கள். அதற்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு டிரம்முக்கும் அதிகபட்ச உள்விட்டம் இவ்வளவு என்று தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். டிஸ்க்குக்குக் குறைந்தபட்சக் கனம் உண்டு. பெரும்பாலும் அதன்மேலேயே பொறித்திருக்கும். அவ்வெல்லையைத் தாண்டிக் கடைந்த டிரம் மெலிந்து, சூட்டைத் தாங்காமல் விரியும். "இன்னும் ஒரு தடவை கடையலாம்" என்று சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வீல் சிலிண்டர் கசிந்தால் ரிப்பேர் கிட் வாங்கி ரப்பரை மட்டும் மாற்றுவதா, சிலிண்டரையே மாற்றுவதா என்ற கேள்வி எழும். சிலிண்டரின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் கிட் போதும். துருவோ, சிறு பள்ளமோ, கீறலோ இருந்தால் புதிய ரப்பரையும் அது சில மாதங்களில் தின்றுவிடும். இரும்புக் குழாய் துருவேறியிருந்தால் அதற்கென்றே செய்த பிரேக் குழாயைத்தான் போட வேண்டும். சாதாரணச் செம்புக் குழாயை வளைத்துப் பொருத்துவது எளிது. ஆனால் அதிர்வில் அது நாளடைவில் இறுகி வெடித்துவிடும்.

பொருள் வாங்கும்போது டூப்ளிகேட்டைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியதில்லை என்று எண்ணுகிறேன். நம்மவர்களில் உதிரிபாக வணிகம் செய்வோரே ஏராளம், அவர்களுக்கு அசலும் போலியும் நன்றாகத் தெரியும். தெரிந்த கடையில் வாங்கி, பில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. டிரம்மைத் திறந்ததும் ஏர் ஹோஸால் ஊதித் தூசியைப் பறக்கவிடுவார்கள். அருகில் பட்டறைப் பையன் ஒருவன் முகத்தை மூடாமல் உட்கார்ந்திருப்பான். அத்தூசி நுரையீரலில் தங்கினால் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோய்கூட வரலாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்காக மற்றவர் வீட்டுப் பிள்ளை நோயாளியாக வேண்டாம்.

வண்டியை ஜாக்கியில் தூக்கிய நிலையில் எவரும் அடியில் புகக் கூடாது. மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பின்பே புக வேண்டும். வீட்டிலேயே சிறு வேலை பார்க்கும் ஆர்வம் உள்ள இளைஞர்களுக்காக இதனைச் சொல்கிறேன். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன், ஆயினும் முதன்முறை ஓர் அனுபவசாலி அருகில் இருக்கட்டும்.

காற்றை வெளியேற்றும் கலை

பிரேக் வேலையில் பொறுமை மிகுதியாகத் தேவைப்படும் கட்டம் இதுதான். குழாயைக் கழற்றினால் காற்று புகும்; அதனை முழுவதும் வெளியேற்றினாலன்றிப் பெடல் இறுகாது. இரண்டு பேர் வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். நம் வண்டிகளில் அது இடது பின்சக்கரம். அதன் பின் வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், கடைசியாக ஓட்டுநர் பக்கத்து முன்சக்கரம். உங்கள் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதனையே பின்பற்ற வேண்டும். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் நிப்பிளைத் திறந்து, குமிழியோடு வரும் திரவத்தை ஒரு குழாய் வழியே பாட்டிலில் பிடித்து, நிப்பிளை மூடுவார். மூடிய பின்பே பெடலிலிருந்து காலை எடுக்கலாம். முன்னதாக எடுத்தால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே வந்துவிடும். மேலே டப்பா காலியாகிவிடாமல் இடையிடையே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டிலில் பிடித்ததைத் திரும்ப ஊற்றவே கூடாது.

சேலத்துப் பெரியவரிடம் நான் கற்ற நுட்பம் ஒன்று. பழைய மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் காற்றை எடுக்கும்போது, பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிடுவார். பெடல் தரையைத் தொடாது. காரணம் கேட்டேன். "தினமும் ஓட்டுறப்போ பாதிதான் மிதிக்கிறோம். மீதிப் பாதியில துருவும் அழுக்கும் படிஞ்சு கிடக்கும். ஏர் எடுக்கிறப்போ தரைவரைக்கும் மிதிச்சா ரப்பர் அதுமேல ஏறிக் கிழிஞ்சிடும். அப்புறம், 'நேத்துவரைக்கும் நல்லாயிருந்துச்சே'ன்னு ஆளுங்க சண்டைக்கு வருவாங்க" என்றார். எனக்கு அவர் புதிய மாஸ்டர் சிலிண்டரே போட்டார். ஆனாலும் அந்தக் கட்டை மறக்கவில்லை.

காற்று எடுத்து முடிந்ததும் ஷூக்களைச் சரியான இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். பழைய டிரம் பிரேக்குகள் தாமாக இடைவெளியைச் சரிசெய்துகொள்வதில்லை. சக்கரம் சுழலாமல் பிடிக்கும்வரை திருகி, பின்னர் உராயாமல் சுழலும் அளவுக்குத் தளர்த்துவார்கள். நான்கையும் அப்படியே பார்த்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். ஷூ தேய்ந்ததை மறைக்கக் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டுவது குறுக்குவழி. என் வண்டியில் அதுவும் நடந்திருந்தது.

புதிய லைனிங் உடனே முழுப் பிடிப்பைத் தராது. முதல் சில நூறு கிலோமீட்டர்கள் கூட்டமில்லாத சாலையில், நிதானமான வேகத்தில், இடைவெளி விட்டு விட்டு மென்மையாகப் பிரேக் போட்டு ஓட்ட வேண்டும். டிரம்மின் வளைவுக்கு ஏற்ப லைனிங் படிந்த பின் மீண்டும் பட்டறைக்குச் சென்று இடைவெளியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது வருகையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். அச்சோதனைக்காக மட்டும் பிரேக்கைச் சரிசெய்து கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அதிகாரி பார்ப்பது ஒரு நாள். பிள்ளைகள் ஏறுவது எல்லா நாளும்.

எங்கள் வண்டிக்கு அன்று நான்கு சக்கரத்துக்கும் ஷூ, ஆறு வீல் சிலிண்டர்கள், ஒரு மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் பைப்கள் யாவும் மாற்றி, புதிய பிரேக் ஆயில் ஊற்றினோம். பட்டறையில் இரண்டு நாள் ஆயிற்று. மூன்று மாதம் கழித்து, மகளைச் சமாதானப்படுத்தி, மீண்டும் ஏற்காட்டுக்குச் சென்றோம். இறங்கும்போது முதல் வளைவிலிருந்து கடைசிவரை இரண்டாவது கியர். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அடிவாரத்தில் வண்டியை ஓரம் நிறுத்தியதும் அத்தா இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகச் சென்று, தொடாமல் கையை அருகில் மட்டும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். மகளும் கூடவே சென்று தன் சிறு கையை நீட்டிப் பார்த்தாள். "நாலும் ஒரே சூடு" என்று எனக்கு வந்து சொன்னாள்.